தூக்கி விடாமல் போனவர்கள்

அந்த இரண்டு முதுகுகளை நினைத்தால் இந்த வயதிலும் பல்லைக் கடிக்கிறேன்.

சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏற ஒற்றையடித் தடம்தான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். தலைச்சுமைக்காரன் மெதுவாகத்தான் ஏறுவான். பின்னால் வேகமாக வருகிறவன் சுமையை இறக்கச் சொல்லித் தாண்டலாம், தப்பில்லை. தாண்டியதும் திரும்பி நின்று, அதைத் தூக்கி அவன் தலையில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். மலையில் பிறந்த எவனும் இதை மீறமாட்டான்.

அன்றைக்கு என் தலையில் உப்பு மூட்டை. மழைக்காலம் முழுக்க வீட்டுக்கு அதுதான் உப்பு. வானம் கறுத்துக் கிடந்தது. நனையுமுன் ஊர் சேர வேண்டும்.

"ஒதுங்கப்பா, ஒதுங்கு! செம்மேட்டுச் சந்தை கலைஞ்சிரும்!"

மிளகு வாங்க மலையேறும் கீழ்நாட்டார் இருவர் பின்னால், கையை வீசிக்கொண்டு. இறக்கினேன். தாண்டினார்கள். போய்க்கொண்டே இருந்தார்கள்.

"ஏனுங்க! தூக்கி உட்டுட்டுப் போங்க!"

"உன்னை எவன் எறக்கச் சொன்னான்? ஒதுங்கத்தான சொன்னோம்!"

ஒதுங்க அங்கே இடமேது? பள்ளம்தான். அவர்கள் சிரிப்பு மட்டும் வளைவு தாண்டியும் கேட்டது.

தனியாகத் தூக்கிப் பார்த்தேன். முழங்கால்வரை வந்து, பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. கட்டிப்பிடித்து உட்கார்ந்தேன். மழை பிடித்தது. வேட்டியை அவிழ்த்து மூட்டைக்குப் போர்த்திவிட்டு, கோவணத்தோடு நின்று மழையை வைதேன். பாவம், மழை என்ன செய்யும்?

கீழிருந்து எங்கள் ஊர்க்காரி ஒருத்தி சீமெண்ணெய் டின்னைச் சுமந்து வந்தாள். நடந்ததைச் சொல்லித் தூக்கிவிடக் கேட்டேன்.

"இங்க எறக்கினா எனக்கு ஆருங்கண்ணா தூக்கி உடுவா? இருங்க, சுமைதாங்கில வெச்சுட்டு வாரேன்."

மூட்டையைத் தாண்டி மேலே போனாள். நெஞ்சுயரக் கல்லில் டின்னை வைத்துவிட்டு, வழுக்கும் தடத்தில் வெறுங்கையோடு இறங்கி வந்தாள்.

"எழவெடுத்தவனுங்க, கையில புண்ணா?" என்று திட்டிக்கொண்டே தூக்கிவிட்டாள்.

மூட்டை லேசாகியிருந்தது. அந்த லேசுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உப்புத்தண்ணீர் நெற்றி வழியாகக் கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையில்லை.

சுமைதாங்கிக்குப் பக்கத்துப் பாறையடியில் அந்த இருவரும் நனையாமல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை அவசரமும் எங்கே போனதோ!

"அட, ஏறிட்டியே! எறக்கி வெச்சு இளைப்பாறிட்டுப் போ," என்றான் ஒருவன்.

இறக்கியிருக்கலாம். ஆனால் கை இரண்டும் சும்மாவாகிவிடும். அப்புறம் என்ன செய்திருப்பேனோ. பள்ளம் பக்கத்திலேயே இருந்தது. மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எரிகிற கண்ணோடு நடந்தேன்.