ஹாட் பாக்ஸில் என் பிரெட்

பலமுறை சொதப்பிய பிறகு இன்று காலைதான் என் பிரெட் ஒழுங்காக உப்பி வந்தது. தட்டினால் டொக் டொக்கென்று கேட்கிற மொறுமொறுப்பான மேல்தோல்.

சாயந்திரம் அடையாறிலிருந்து வரும் தோழிக்காகச் செய்தது. "இந்தத் தடவையும் செங்கல்தானே?" என்று அவள் கேட்டிருந்ததால் எனக்கு இது மானப் பிரச்சினை.

கம்பித் தட்டில் வைத்து, மெல்லிய துணி போர்த்தி, "மூடி மட்டும் போடாதம்மா, ஆவி வெளியே போகணும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆபீஸ் கிளம்பினேன்.

திரும்பி வந்தால் தட்டு காலி.

"பிரெட் எங்கம்மா?"

"ஹாட் பாக்ஸ்ல பத்திரமா இருக்குடி. தொறந்து வெச்சா பல்லி விழாதா? முழுசா உள்ள போகல, அதான் ரெண்டா வெட்டினேன்."

திறந்தேன். மூடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேல்தோல் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கியது.

"ஆவி போகணும்னு சொன்னேனே!"

"சூடு ஆறிப்போனா யாருடி சாப்பிடுவா?"

சப்பாத்திக்கு உள்ள சட்டம்தான் உலகத்து உணவு எல்லாவற்றுக்கும் என்று யார் முடிவு செய்தது? ஒருத்தி ஒரு பொருளைச் செய்தால், அதை எப்படி வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா?

தோழி வந்தாள். அம்மா அந்த ஈரத் துண்டுகளைத் தோசைக்கல்லில் நெய் விட்டு வாட்டிக் கொடுத்தார். ஒன்று விடாமல் சாப்பிட்டுவிட்டு அவள் சொன்னாள்: "ஆன்ட்டி, உங்க கைப்பக்குவமே தனி!"

ரங்கநாதன் தெருவில் கிடைக்காத பொருளே இல்லை என்கிறார்கள். ஹாட் பாக்ஸுக்குப் பூட்டு கிடைக்குமா? வாங்கியவர்கள் கடையைச் சொல்லுங்கள்.