ஆட்டுச் சந்தை புத்தியோட ஊடு வாங்கப் போனோமுங்க!

இன்னைக்குக் காலைல நான் பஸ் ஏறலை!

லீவு போடலீங்க. ஊட்டுல இருந்து ஸ்கூலுக்கு நடந்தே போனேன். கொல்லிமலையில எனக்குன்னு ஒரு ஊடு இருக்குதாக்கும்!

புதுசா படிக்கறவங்களுக்கு: நமக்கு ஊரு அடிவாரத்துல காளப்பநாயக்கன்பட்டி. டீச்சர் வேலை மலை மேல. தினமும் அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி எறங்கி, எந்த வளைவுல எனக்கு வாந்தி வரும்னு கண்டக்டருக்கே அத்துப்படி. சன்னல் சீட்டுல எனக்காக அவரே துண்டு போட்டு வெச்சிருப்பாரு. (இந்த மரியாதை யாருக்குக் கெடைக்கும் சொல்லுங்க!)

இந்த வருசம் கழுத்து எலும்பும் தேஞ்சுபோச்சு. டாக்டரம்மா கண்டிசனா சொல்லிட்டாங்க. "ஒண்ணு வேலையை விடுங்க, இல்லைன்னா அந்த ரோட்டை விடுங்க."

வேலையை விட மனசு வரலை. மேல வாடகைக்கு ஊடு தேடுனா, நேத்து வரைக்கும் மாட்டுக்கொட்டாயா இருந்ததெல்லாம் இன்னைக்கு ஹோம்ஸ்டே!

அப்பத்தான் கடைவீதிக்குப் பின்னால ஒரு பழைய லைன் ஊடு விலைக்கு வந்துச்சு. ஒரே வரிசையில அஞ்சு ஊடு, நாட்டு ஓடு. மொத ஊடு ஹோம்ஸ்டே ஆயிருச்சு. கடைசி ஊட்டுல காபி ஷாப். (நாம திங்கற சாமைச் சோத்துக்கு மேல ரெண்டு எலை வெச்சு 'மில்லட் பவுல்'ங்கறாங்க. விலையைக் கேட்டா சோறு எறங்காது!)

நடுவுல ஒட்டுனாப்ல ரெண்டு ஊடு மலர் அக்காவோடது. மொளகுத் தோட்டம் வெச்சிருக்காங்க. ஒண்ணுல குடியிருக்காங்க, இன்னொண்ணைத்தான் விக்கறாங்க.

எங்களுக்கு முன்னாடியே கூலிங்கிளாஸ் போட்ட ஒருத்தரு கார்ல வந்து பார்த்துட்டுப் போயிட்டாராம். ஊடு கை மாறிருமோன்னு நான் பதறிட்டேன்.

எங்கூட்டுக்காரரு மட்டும் அசையலை. அவரு ஆட்டு வியாபாரி. "சந்தையில மனசுக்குப் புடிச்ச ஆட்டை ஆசையா பார்க்கவே கூடாது புள்ள. குறை சொல்லிக்கிட்டே இருக்கோணும். நீ மூஞ்சியை உம்முனு வெச்சுக்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்"னாரு.

பார்த்துக்கிட்டாரு!

"ஓடெல்லாம் நகந்து கெடக்குதுங்களே!"

"வாசப்படியில குனிஞ்சில்ல போகோணும்!"

"ஊடு கெழக்கால பார்த்தாப்ல இல்லீங்களே!" (கெழக்காலதான் பார்த்துச்சு! வாசப்படியில வெளிய பார்த்து நின்ன அவரு மூஞ்சிலயே காலை வெயிலு அடிக்குது!)

நானும் எம் பங்குக்கு, "சமையக்கட்டு நெம்ப இருட்டுங்க்கா"ன்னேன். சொல்லும்போதே நாக்கு கூசுச்சு.

மலர் அக்கா எல்லாத்துக்கும் தலையை ஆட்டிக்கிட்டாங்க. "நிதானமா பாருங்க சாமி. நான் அடுப்புல பாலு வெச்சுட்டு வந்துட்டேன்"னு அவங்க ஊட்டுக்குப் போயிட்டாங்க.

கதவைச் சாத்துனதுதான் தாமதம்.

"புள்ள! ஊடு அருமை! அந்த உத்தரத்தைப் பாரு, இரும்பாட்டம் இருக்குது! பொறத்தால பலாமரம் வேற! அதைப் பார்த்ததாவே காட்டிக்காத. அவங்க கேக்கற விலையையே குடுத்தறலாம், ஆனா வாயைத் தொறக்காத!"

எனக்கு அழுகையே வந்துருச்சு. "ஏனுங்க, எனக்கு இந்த ஊடுதாங்க வேணும். இன்னும் ஒரு வருசம் அந்த பஸ்ல போனா நான் படுத்துருவேங்க. அந்தக்கா மொகத்தைப் பார்த்துப் பொய் பேசவும் வாய் வரமாட்டேங்குது."

"அழுவாத கண்ணு. கண்ணைத் தொடச்சுட்டு உம்முனு வா!"

உம்முனு வெளிய வந்தோம். மலர் அக்காவும் அவங்க ஊட்டுல இருந்து வந்துட்டாங்க.

மனுசன் வந்ததும் தோள்ல இருந்த துண்டை எடுத்துக் கையில விரிக்கறாரு! சந்தைப் பழக்கம்! துண்டுக்கு அடியில வெரலைப் புடிச்சு விலை பேசறது! அதுக்கு ஒரு பொம்பளைகிட்டயா கையை நீட்டறது! அவரு இடுப்புல நான் குத்துன குத்துல துண்டு கீழ உழுந்துருச்சு.

மலர் அக்கா உழுந்து உழுந்து சிரிக்கறாங்க.

"துண்டை எடுத்துத் தோள்ல போடுங்க தம்பி. ஆட்டுக்குப் பார்க்கறாப்ல எங்கூட்டுக்கும் பல்லு புடிச்சுப் பார்த்தாச்சுல்ல? பலாமரத்தை மட்டும்தான் நீங்க பார்க்கலையாமே, வாங்க காட்டறேன்!"

இவரு துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டாரு.

அக்கா எங்களை உள்ள கூட்டிட்டுப் போய் மேல கையைக் காட்டுனாங்க. லைன் ஊட்டுல நடுச்செவுரு ஆளு ஒசரத்துக்கு மேல சித்த ஏறி நின்னுருதுங்க! அதுக்கு மேல அஞ்சு ஊட்டுக்கும் ஒரே கூரை, நடுவுல மறைப்பே இல்லை! (ஓட்டை அண்ணாந்து பார்த்துக் குறை சொன்ன மனுசன், செவுரு ஓட்டைத் தொடலைங்கறதைப் பார்க்கலை!)

"அந்த கூலிங்கிளாஸ் தம்பி எம் மூஞ்சிக்கு நேரா ஊட்டை வாயாரப் புகழ்ந்தாருங்க. உள்ள போயி போன்ல, 'இடிச்சுட்டு மூணு மாடி எழுப்பிரலாம், பக்கத்தூட்டம்மா தூசி தாங்காம தானா கெளம்பிரும்'னாரு. நீங்க நேர்ல குறை சொன்னீங்க, உள்ள போயி அழுதீங்க. செவுத்துக்கு அக்கட்டால அழுவற ஆளே எனக்குப் போதும் கண்ணு."

எனக்கு மறுபடியும் அழுகை. அவங்க கையைப் புடிச்சுக்கிட்டேன்.

விலையில ஒத்தப் பைசா குறைக்கலை! (ஏன் குறைக்கோணும்? கேக்கற விலையைக் குடுத்தறலாம்னு இவருதான் உள்ள நின்னு சொல்லிட்டாரே!)

நேத்து பால் காச்சிக் குடி வந்தாச்சு. இனிமே ஊட்டுக்காரரு என்னை எதுக்காச்சும் வையோணும்னா பலாமரத்தடிக்குத்தான் கூட்டிட்டுப் போகோணும்.

இந்தப் பதிவை எழுதி முடிச்சு, இப்பத்தான் அவருக்குச் சத்தமா படிச்சுக் காட்டுனேன்.

செவுத்துக்கு அக்கட்டால இருந்து குரலு வருது:

"டீச்சரே! அன்னைக்கு அடுப்புல பாலே இல்லீங்க! செவுத்தோரமா ஸ்டூலைப் போட்டு உக்காந்திருந்தேன். ஊடு பார்க்க யாரு வந்தாலும் அப்படித்தான். அதையும் சேர்த்து எழுதுங்க!"

எழுதிட்டேனுங்க்கா!