அம்மாவின் மூன்றாவது படம்

இதை எழுதலாம் என்று கொப்பியை விரிப்பதும், இரண்டு வரி எழுதிவிட்டு மூடி வைப்பதுமாகப் பல வருடங்கள் போய்விட்டன. நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் தயங்கியது அதற்காக அல்ல. அண்ணன் வாசித்தால் மனம் நொந்துபோவாரே என்றுதான். பாவசங்கீர்த்தனத்தில் ஒருமுறை சொல்லி அழுதேன். "பத்து வயதுப் பிள்ளைக்கு இதில் என்ன பாவம்?" என்றார் பங்குச் சாமியார். மன்னிப்புக் கேட்கப் போனவளைப் பாவமே இல்லை என்று அனுப்பிவிட்டால் அவள் பாரத்தை எங்கே இறக்குவாள்? மாதாவின் காலடியில் வைத்துவிட்டு எழுதுகிறேன்.

இலங்கை மலைநாட்டில், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம்; ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒன்று. புதிய நூற்றாண்டு பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுதியிருந்த அண்ணன், சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் பதுளைக்குக் கம்பியூட்டர் வகுப்புக்குப் போவார். வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் இஷ்டப்படி எதையாவது செய்துகொள்ள விடுவார்களாம். அந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டு அண்ணன் ஒரு கேம் செய்யத் தொடங்கினார். யாரும் கேட்டுச் செய்ததல்ல, ஆசைக்குத்தான். கொழுந்து பறிக்கிற ஒரு பெண் கூடையோடு மலையேறுவாள். வழியில் அட்டை கடிக்கும், காட்டுப்பன்றி முட்டும், கங்காணி மறிப்பார். எல்லாவற்றையும் தாண்டிக் கூடை நிறைந்தால் வெற்றி. அந்தப் பெண் எங்கள் அம்மா.

வீட்டில் கம்பியூட்டர் ஏது? எல்லாம் சதுரக் கொப்பியில்தான் பிறந்தது. ஒரு ஆளுக்குப் பதினாறு கட்டம் அகலம், இருபத்துநான்கு கட்டம் உயரம். ஒரு கட்டத்துக்குள் ஒரே கலர். நான் கலர் பென்சிலால் தீட்டுவேன். அண்ணன் சனிக்கிழமை அதைப் பார்த்துப் பார்த்துப் புள்ளி புள்ளியாகத் திரையில் வைப்பார். பின்னணிக்கு நமுனுகுல மலையும் தகரக் கூரைகளும். மூடுபனியை எப்படித் தீட்டுவது என்று கேட்டேன். "சும்மா விடு, வெள்ளைக் கட்டந்தான் மூடுபனி" என்றார். வேலை மிச்சம் என்று எனக்குச் சந்தோஷம்.

பக்கத்துக் காம்பரா அக்கா எட்டிப் பார்ப்பார். "ஏன் தம்பி, கங்காணி வயித்துக்கு ஆறு கட்டந்தானா? பத்தாச்சும் வேணாமா?"

"மொத்தமே பதினாறுக்கா. அப்புறம் கைக்கு எடமில்ல."

அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா சிரிப்பார்.

ஆளை நடக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "நடக்கணும்னா நாலு படம் வேணும் தங்கச்சி. நீ அம்மா கூடப் போ. பக்கத்துல நின்னு பாரு. கால் எங்க போகுது, கை எங்க இருக்கு, பாத்தத அப்படியே போடு."

பள்ளி விடுமுறை நாள். காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு அம்மா மலையேறும்போது நானும் போனேன். பாதையை விட்டுத் தேயிலைக்குள் இறங்கிப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். முதல் படம், இடது கால் முன்னே. இரண்டாவது, வலது கால். மூன்றாவதில் அம்மா நிற்கிறார்; வலது கை விலாவுக்குக் கீழே அழுந்தியிருக்கிறது, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பிறகு மறுபடி இடது கால். பத்துப் பன்னிரண்டு படிக்கு ஒருமுறை இப்படி. மற்றப் பெண்கள் பேச்சுவாக்கில் முன்னே போய்விட்டார்கள். நான் பார்ப்பதற்கென்றே போனவள், பார்த்தேன். சாய்வுக்கு இரண்டு கட்டம் தள்ளித் தீட்டினேன்.

அன்று பின்னேரம் அண்ணன் கொப்பியை வாங்கிப் பார்த்தார். "என்னடி இது, மூணாவதுல அம்மா கோணிக்கிட்டு நிக்கிது?"

"அப்படித்தான் நின்னுச்சு."

"நிக்கக் கூடாது லூசு. நின்னா பன்னி முட்டிரும்."

அம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கொப்பியை வாங்கினார். கண்ணும் மூக்கும் இல்லாத அந்தக் கட்டங்களையே வெகுநேரம் பார்த்தார்.

"நேரா போடு பாப்பா" என்றார். "கையத் தூக்கி, கூடைக் கயித்தப் புடிச்ச மாதிரி வை. அதான் அழகு. அப்பா வர்றதுக்குள்ள மாத்திரு."

தாள் கிழியாமல் ரப்பரால் அழித்து, ஊதி, அம்மா சொல்லச் சொல்லத் தீட்டினேன். அம்மா அதற்கு முன் என் படத்துக்கு யோசனை சொன்னதே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை சரிபார்க்கப் போனேன். அம்மா ஒருமுறைகூட நிற்கவில்லை. நிமிர்ந்த உடம்பு, கயிற்றில் கை, தப்பாத கால். நான் நிற்கும் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினார். உதட்டைக் கடித்திருந்தார். அந்தக் குளிரில் நெற்றியெல்லாம் வியர்வை. முகத்துக்கு மூன்று கட்டம்தான். உதட்டுக்கும் வியர்வைக்கும் அதில் இடமில்லை என்று விட்டுவிட்டேன். ஓடி வந்து அண்ணனிடம் கத்தினேன்: "அம்மா இப்ப நம்ம படத்துல மாதிரியே நடக்குதுண்ணே!"

அடுத்த மழைக்காலத்துக்குள் அம்மா மலையில் விழுந்தார். தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஈரலில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் அப்பாவைக் கேட்டார்: "கன நாளா நோவு இருந்திருக்குமே. வீட்டில ஒருத்தரும் காணேல்லையோ?"

"இல்லைங்க ஐயா. நல்லாத்தான் நடந்து போச்சுங்க."

அண்ணனும் ஆமாம் என்று தலையாட்டினார். நான் அப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது; அது எனக்கே தெரியாது.

பதினோராம் நாள் ஆண்டவர் அம்மாவை எடுத்துக்கொண்டார். அடக்கம் முடிந்த பிறகு பக்கத்துக் காம்பரா அக்காதான் அழுதழுது சொன்னார். "நான் படுத்துட்டா தம்பி பேரத் தோட்ட வேலைக்குப் பதிஞ்சிருவாங்க, அவன் வகுப்ப முடிக்கட்டும்" என்று அம்மா அவரிடம் ஒருநாள் சொன்னாராம். அடுத்த மாதமே அண்ணனின் பெயரைத் தோட்டத்தில் பதிந்தார்கள். கேம் பாதியில் நின்றது. இன்றைக்கும் அண்ணன் தன் பிள்ளைகளிடம், "ஒங்க அப்பாயி கடைசி வரைக்கும் நிமிந்து நடந்த பொம்பள" என்பார்.

என் படத்தைப் பார்த்து அம்மா நடக்கப் பழகினார் என்றுதான் அந்த வயதில் நினைத்தேன். அது பொய்யும் இல்லை. எதற்காகப் பழகினார் என்பதுதான் அப்போது விளங்கவில்லை.

வாசிக்கிறவர்கள் இதை வேறு யாருக்காவது சொல்வீர்களானால், கேட்பவர் மனம் ஆறட்டும் என்று எதையும் மாற்றிச் சொல்ல வேண்டாம். என் அம்மா அந்தப் படியில் விலாவைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து நின்றார். அப்படியே நிற்கட்டும்.