ஒட்டிலியின் தொப்பிக்குள் பெர்த்தா

கிரம்ப்மார்க் தேசத்தைப் பிரபு ரூப்ரெக்ட்டும் அவர் மனைவி அடெல்குண்டேயும் ஆண்டுகொண்டிருந்தார்கள். ஆண்டார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஏறி மிதித்தார்கள் என்பதுதான் சரி. பிரபு எழுந்து நின்றாலும் உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரிவார். ஒருநாள் விருந்து மேசையில் இருந்த ரொட்டி அவர் தலையை மறைத்துவிட்டது. வந்ததே கோபம்! "இனிமே இந்த நாட்டுல என்னைக் கேக்காம எதுவும் உப்பக் கூடாது" என்று சட்டம் போட்டுவிட்டார். ரொட்டியை உப்பவைக்க வீட்டுக்கு வீடு ஜாடியில் வளர்த்துவந்த புளித்த தாய்மாவையெல்லாம் சிப்பாய்கள் ஆற்றில் கொட்டினார்கள். ஆறு மூன்று நாள் பொங்கியது. மீன்கள் ஏப்பம் விட்டன.

அதற்கப்புறம் ஏழு வருஷம் தட்டை ரொட்டிதான். செருப்பு தைக்கிற லோதர் அதையே அடித்தோலாக வைத்துத் தைத்தான். ஒரு ஜோடிகூடத் தேயவில்லை.

ரொட்டிக்கடை ஒட்டிலிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஆள் வாசலில் நின்றால் வெளிச்சம் பின்கட்டு வழியாகத்தான் வரவேண்டும். அவளிடம் மட்டும் ஒரு ஜாடி தாய்மாவு தப்பியிருந்தது. நூற்றிருபது வருஷத்து மாவு. அதற்குத் தன் மாமியார் பெயரான பெர்த்தாவையே வைத்திருந்தாள். இரண்டுமே காரணமில்லாமல் பொங்கும். பெர்த்தா செத்தால் நாட்டில் நல்ல ரொட்டியும் செத்தது. ஒட்டிலி உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது என்று அடுப்பின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தாள். அடுப்பு சூடாக இருந்தது. அப்படியும் கையை எடுக்கவில்லை.

பிரபுவின் பிறந்தநாள் வந்தது. அன்று ஊரே சதுக்கத்தில் நின்று நாட்டுப்பாட்டு பாடவேண்டும். சிப்பாய்களில் பாதிப்பேர் காலி வீடுகளைச் சோதனை போடுவார்கள். பக்கத்துவீட்டு வால்புர்கா கெஞ்சினாள்.

"எங்கயாவது புதைச்சுட்டு வாயேன் அக்கா!"

"போன வருஷம் கல்லறையவே தோண்டிப் பாத்தானுங்கடி. எங்க மாமியாரு முழிச்சிக்கிட்டிருப்பா."

கிரம்ப்மார்க்கில் பாட்டின்போது ஆண்கள் தொப்பியைக் கழற்றவேண்டும். பெண்கள் கழற்றக் கூடாது. ஒட்டிலி பெர்த்தாவைத் துணியில் சுற்றித் தலையில் வைத்து, கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பியை மேலே கவிழ்த்து, நாடாவைத் தாடைக்குக் கீழே இறுக்கினாள். ஒரு தப்பு மட்டும் செய்தாள். பாட்டு முடிய மூணு மணி நேரமாகுமே, பாவம், பசிக்குமே என்று கம்பு மாவு இரண்டு கை அதிகமாக ஊட்டிவிட்டாள்.

பாட்டுக்கு நாற்பத்திரண்டு சரணம். முதல் இருபத்தொன்றும் பிரபுவின் மூக்கைப் பற்றியது. முடியும்வரை யாரும் நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது, பாடுவதை நிறுத்தக் கூடாது, சிப்பாய்கள் சல்யூட் அடித்த கையை இறக்கக் கூடாது. மீறினால் தலை போகும். பிரபுவே போட்ட சட்டம்.

பத்தாவது சரணத்தில் வெயில் ஏறியது. பெர்த்தாவும் ஏறினாள். பதினைந்தில் தொப்பி கோயில் கோபுரத்துக்குச் சவால் விட்டது. இரண்டு புறாக்கள் வந்து உட்கார்ந்தன. தளபதி கோட்லிப் பார்த்துவிட்டான். முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. ஆனால் கை நெற்றியில், வாய் பாட்டில். கண்ணை உருட்டியே பிரபுவுக்குச் சாடை காட்டினான். தன் மூக்கின் புகழில் மயங்கியிருந்த பிரபு எதையும் கவனிக்கவில்லை.

வால்புர்கா பாட்டின் மெட்டிலேயே பாடினாள்: "அக்கா, ஒழுகுது, காதுல ஒழுகுது!"

ஒட்டிலியும் அதே மெட்டில் இழுத்தாள்: "தெரியுதுடி, வாய மூடாத, பாடு!"

காதோரம் வழிந்த மாவைத் தொட்டாள். ஓடவும் முடியாது, ஒளிக்கவும் முடியாது. நின்ற இடத்தில் நின்றே காப்பாற்றவேண்டும். நகரத்தானே கூடாது? கைக்கு யாரும் விலங்கு போடவில்லையே! மெட்டை விடாமலே தொப்பிக்குள் கையைவிட்டு ஒரு கைப்பிடி பிய்த்தாள்.

"இந்தா, உன் தொப்பிக்குள்ள வெச்சிக்கிட்டுப் பக்கத்துல தள்ளு!"

"ஐயோ, எனக்கு உதறுதுக்கா!"

"உதறினாலும் தாளத்துக்கு உதறு!"

வால்புர்கா எலுமிச்சை அளவு கிள்ளித் தொப்பிக்குள் செருகிக்கொண்டு மீதியைத் தள்ளினாள். வரிசை வரிசையாக முந்நூறு பெண்கள். ஒட்டிலி பிய்க்கப் பிய்க்க, கை கையாகப் போனது மாவு. ஒரு சரணத்துக்கு ஒரு வரிசை. கடைசி வரிசையில் அரண்மனைச் சமையற்காரி இர்ம்கார்ட் நின்றாள். அவளும் ஒரு கணம் யோசித்துவிட்டு வாங்கிச் செருகிக்கொண்டாள்.

நாற்பத்திரண்டாவது சரணம் முடிந்த அடுத்த நொடியே கோட்லிப் பாய்ந்துவந்து ஒட்டிலியின் தொப்பியைப் பிடுங்கினான். உள்ளே ஈரத்துணி மட்டும்தான். தலைமுடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது.

"என்ன இது?"

"நரைங்க ஐயா."

"காலையில இல்லியே!"

"நாப்பத்திரண்டு சரணங்க ஐயா. உங்களுக்கும் மீசை நரைச்சிருக்கு, பாத்துக்குங்க."

அவன் மீசையைத் தடவிப் பார்ப்பதற்குள் முந்நூறு தொப்பிகளும் முந்நூறு தெருக்களில் கலைந்துபோயின. எந்தத் தலையைச் சோதிப்பது?

மறுநாள் காலை முந்நூறு அடுப்பிலும் ரொட்டி உப்பியது. அரண்மனை மேசையிலும் ஒன்று, பிரபுவின் மோவாய் உயரத்துக்கு. பிரபு சட்டப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். ஏழு வருஷமாகக் கடைவாய்ப் பல் வலித்துக்கொண்டிருந்த அடெல்குண்டே ஒரு விள்ளலை வாயில் போட்டு, கண்ணை மூடி, "உக்காருங்க, மறைக்காது. நாற்காலிக்குத் தலையணை போட்டாச்சு" என்றாள்.

ஒட்டிலிக்கு அது எதுவும் தெரியாது. அவள் தலையில் மிச்சம் ஒட்டியிருந்ததைச் சீப்பால் வழித்து, ஜாடியில் போட்டு, இந்தத் தடவை ஒரே ஒரு கை மாவு ஊட்டிக்கொண்டிருந்தாள்.