தெரியுதா கண்ணுன்னு கேட்டுக் கெடுத்தேன்

சுகாதார ஆய்வாளர் வேலையில முப்பது வருசம் ஓட்டிட்டேன். புதுசா ஃபீல்டுக்கு வர்றவங்க, "அனுபவத்தைச் சொல்லுங்க சார்"ங்கறாங்க. பெருமையாச் சொல்ல நாலு விசயம் இருக்குது, அதை விடுங்க. வெக்கங்கெட்ட விசயம் ஒண்ணு இருக்குது, அதைத்தான் சொல்லோணும்.

முதலிபாளையம் பக்கம் ஒரு ஸ்கூல்ல தொழுநோய் சர்வே. நாலாவது படிக்கிற புள்ளை ஒண்ணு, ராணின்னு வெச்சுக்கங்க. திருநெல்வேலிப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம். முழங்கைக்குக் கீழ ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளிறின படை. அரிப்பில்லை, வலியில்லை. குழந்தைங்களுக்கு அனேகமா இப்படித்தான் ஆரம்பிக்கும், பாத்தாத் தேமல் மாதிரியே இருக்கும். உணர்ச்சி இருக்குதான்னு சோதிச்சாத்தான் வித்தியாசம் தெரியும். புள்ளை கண்ணை மூடிக்கோணும். நாம பேனா முனையில லேசாத் தொடோணும். தொட்ட இடத்தைப் புள்ளை விரல்ல காட்டோணும். நாம பேசவே கூடாது. இது எனக்குத் தூக்கத்துல கூட வரும்.

அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள ஸ்கூலையே முடிக்கோணும்னு அவசரம். கண்ணை மூடச் சொல்லலை. தொட்டுத் தொட்டு, "தெரியுதா கண்ணு?"ன்னு கேட்டேன். வாத்தியார் முன்னால நிக்கற புள்ளை வேற என்ன சொல்லும்? "தெரியுது சார், தெரியுது சார்"னுச்சு. தேமல்னு எழுதி அனுப்பிட்டேன்.

அஞ்சாறு மாசம் கழிச்சு அவங்கம்மா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டு வந்தாங்க. புள்ளைக்குச் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கி நிக்குது. சுண்டு விரல்ல தீக்கொப்புளம் வேற. வாசல்லயே என்னைப் புடிச்சுக்கிட்டாங்க. "தேமல்னு சொன்னீயளே சார். யூனிபாரம் அயர்ன் பண்ணும்போது சுட்டுருக்கு, சுட்டதே இவளுக்குத் தெரியல."

உள்ள டாக்டரம்மா கண்ணை மூடச் சொல்லிப் படையில தொட்டாங்க. புள்ளை விரல் அசையவே இல்லை. முழங்கை நரம்பும் தடிச்சிருந்துச்சு, தொழுநோயேதான்.

"இது நேத்து வந்த படை இல்லையே! முன்னாடி யார்கிட்டயும் காட்டலையா?"ன்னு டாக்டரம்மா சத்தம் போட்டாங்க.

அந்தம்மா என்னை ஒருக்கா பாத்தாங்க. "இல்ல மேடம். வேலைக்கு ஓடுற அவசரத்துல நாங்கதான் கவனிக்கல"ன்னாங்க. என் வேலைக்கு ஏதாவது ஆயிருமேன்னு நெனச்சாங்களோ என்னமோ.

நான் வாயைத் திறக்கலைங்க. பெத்தவளுக்கு அக்கறை வேண்டாமான்னு டாக்டரம்மா அவங்களைத் திட்டித் தீர்த்தாங்க. நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். தூ, நானும் ஒரு மனுசன்!

மாத்திரை, நரம்புக்குத் தனி மருந்து, கைப்பயிற்சின்னு எல்லாம் குடுத்தோம். ஊட்டுல எல்லாரையும் சோதிச்சதுல அவங்கப்பாவுக்கும் இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் நோய் சுத்தமாப் போயிருச்சு. ராணிக்கு மோதிர விரல் நிமிந்துச்சு, சுண்டு விரல் கடைசி வரைக்கும் நிமிரலை.

குழந்தைகிட்டத் தெரியுதான்னு கேக்காதீங்க. கேட்டா ஆமான்னுதான் சொல்லும். இது நான் படிச்ச பாடம், நோட்டுல எழுதி வெச்சுக்கங்க. ஆனா அன்னைக்கு, "நான்தானுங்க டாக்டர் பாத்தேன்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை இப்பத்தான், அதுவும் உங்ககிட்டச் சொல்றேன். அந்தம்மாகிட்ட இன்னும் சொல்லலை.