ஈர ரொட்டி வாங்கித் தந்த வள்ளல் பட்டம்

கடலோரப் பெய்ரா நகரத்து முன்யாவா பேட்டையில் அமாண்டியோவின் கடையில் ரொட்டி வாங்குகிறவர்கள் அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பார்கள். "உள்ள வெறும் காத்துதான்" என்பார்கள். அவனும் மறுக்க மாட்டான். "காத்து ஓசியில கிடைக்குது, அத ஏன் வீணாக்கணும்?" என்பான். தன்னைப் பற்றிப் பேசும்போது அவனுக்கு இரக்கமே கிடையாது.

அந்த மார்ச் மாதப் புயல் ஊர்க் கூரைகளையெல்லாம் பிய்த்து எறிந்தது. அமாண்டியோவின் கடையில் பாதிக் கூரைதான் போனது. விறகடுப்பு அசையவில்லை. மீதிக் கூரைக்கடியில் பரண்மேல் இருந்த எட்டு மூட்டை மாவும் நனையவில்லை. ஊரே தண்ணீரில் நிற்க, இரண்டு நாள் பொறுத்தால் ரொட்டி மூன்று மடங்கு விலைக்குப் போகும் என்று நினைத்துக்கொண்டான். "அந்த நேரத்துல எனக்கு வந்த புத்தி அதுதான்" என்று இன்றும் சொல்கிறான்.

மறுநாள் காலை, மழையில் ஊறிப்போன பழைய ரொட்டிகளைக் கொட்டக் கூடையோடு வெளியே வந்தான். தக்காளி விற்கும் லவ்ரிந்தா முழங்கால் தண்ணீரில் வந்துகொண்டிருந்தாள்.

"அதக் கொட்டவா போற?"

"வேணும்னா எடுத்துக்கக்கா. எவன் வாங்கப் போறான்?"

லவ்ரிந்தா கூடையோடு வாங்கிக்கொண்டு, ஜனங்கள் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனாள். "அமாண்டியோ ரொட்டி குடுக்குறான், காசே வேண்டாங்குறான்" என்று அங்கே சொல்லிவிட்டாள்.

அடுத்த நாள் கதவைத் திறந்தால் வாசலில் நூறு பேர். யாரோ கை தட்டினார்கள். "நல்லா இருப்பப்பா!" என்றது ஒரு குரல். அவனுக்குக் கதவைச் சாத்திவிடலாம் போலிருந்தது. பின்னால் அவன் மனைவி ஃபெலிஸ்மினா கைகட்டி நின்றாள்.

"போங்க, விலைக்குத்தான்னு சொல்லுங்க. நானும் பாக்குறேன்."

அவன் வாயைத் திறந்தான். "கொஞ்சம் பொறுங்க, மாவு பிசையணும்" என்றுதான் வந்தது.

"தர்மமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நூறு பேரு முன்னாடி கஞ்சனா நிக்கத் தைரியம் இல்ல, அவ்வளவுதான்" என்பான்.

கொத்தனார் ஜெரெமியாஸ் தெருவில் கிடந்த தகரங்களைப் பொறுக்கிக் கூரையை ஒட்டுப்போட்டார். விழுந்த மாமரங்களை வெட்டி யார் யாரோ விறகு கொண்டுவந்தார்கள். லவ்ரிந்தா மாவு பிசைய உட்கார்ந்தாள். அவன் உருட்டிய உருண்டையைப் பார்த்ததும், "இது என்ன, காக்காய்க்கா?" என்றாள்.

"அளவு அதுதான்க்கா."

"உன் அளவு புயல்ல போச்சு" என்று இரட்டிப்பாக உருட்டினாள்.

நான்காம் நாள் மாவு தீர்ந்தது. அவனுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. வெளியே போய்ச் சொன்னான். யாரும் நகரவில்லை. அத்தனை முகங்களைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"முத நாள் குடுத்தது கொட்ட வச்சிருந்த ரொட்டி. இந்த மாவும் விலையேத்தி விக்கத்தான் வச்சிருந்தேன்."

 வரிசையில் நின்ற ஜெரெமியாஸ் தொண்டையைச் செருமினார். "இருபது வருஷமா உன் ரொட்டியத் தின்னுறோம், எங்களுக்குத் தெரியாதா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. புயலுக்குப் பிறகு அந்தத் தெருவில் கேட்ட முதல் சிரிப்பு அது.

மதியம் ஒருத்தி தலையில் மரவள்ளி மாவு சுமந்து வந்தாள். இன்னொருவர் அரை மூட்டை கோதுமை மாவு கொண்டுவந்தார். உள்நாட்டுச் சிமோயோ ஊர் ஜனங்கள் சேர்த்து அனுப்பிய மாவு லாரியும் சேற்றில் தட்டுத் தடுமாறி ஒருநாள் வந்து சேர்ந்தது. பதினேழு நாள் அடுப்பு அணையவில்லை.

அடுத்த மாதமே வடக்கே இன்னொரு புயல். கூரையில்லாத முன்யாவாக்காரர்கள் அங்கே அனுப்பத் துணியும் பாத்திரமும் சேர்த்தார்கள். ஃபெலிஸ்மினா நனையாமல் தப்பிய ஒரே புதுத் துணியைக் கொடுத்தாள். மறுபடி கடை திறக்க அமாண்டியோ வாங்கி வைத்திருந்தது இரண்டு மூட்டை மாவு. அதில் ஒன்றைத் தானே தோளில் சுமந்து வடக்கே போகும் லாரியில் ஏற்றினான். இந்த முறை யாரும் கேட்கவில்லை, யாரும் வரிசையில் நிற்கவும் இல்லை. ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் அவனுக்கு வருத்தம். லாரி கிளம்பும்வரை பக்கத்திலேயே நின்றான். கடைசியில் பொறுக்க முடியாமல் டிரைவரிடம் சொன்னான்.

"அந்த மூட்டை என்னோடதுங்க."

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "எது? எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்று வண்டியை எடுத்தார்.