சீன ஓட்டலில் கை நனைத்தேன்

என்னைப் பெண் பார்த்தது மெட்ராஸில், ஏசி போட்ட ஒரு சீன ஓட்டலில். எழுபதுகளில் எங்கள் ஊர் பாகூரில் இதைச் சொன்னால் சிரித்திருப்பார்கள். அதனால் நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு வரன் வீடு தேடி வந்து, காபியைக் குடித்துவிட்டு, "லெட்டர் போடுறோம்" என்று போனது போனதுதான். தெருவே ஆறு மாதம் என்னிடம் துக்கம் விசாரித்தது. எனவே மாப்பிள்ளையின் அம்மா, சம்பிரதாயமெல்லாம் வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் சந்திக்கலாம் என்று தரகரிடம் சொல்லி அனுப்பியபோது அப்பா உடனே சரி என்றார். அம்மாதான் குதித்தாள்.

"பொண்ணக் கூட்டிக்கினு போயி காட்டிட்டு வர்றதுக்கு அது இன்னா மாட்டுச் சந்தையா? நான் வரமாட்டேன், போ."

சொன்னபடியே வரவில்லை. அப்பாவும் நானும்தான் முதல் பஸ் பிடித்தோம்.

எனக்கு அப்போது கரையாம்புத்தூரில் டீச்சர் வேலை. நிரந்தர உத்தரவு கைக்கு வந்து மூன்றே மாதம் ஆகியிருந்தது. பாண்டிச்சேரி அரசாங்கத்து வேலை அது, எல்லையைத் தாண்டினால் செல்லாது. மெட்ராஸில் வாழ்க்கைப்பட்டால் ராஜினாமாதான். மாப்பிள்ளைக்கு பேங்க் உத்தியோகம், பாண்டிச்சேரியிலும் அவர்களுக்குக் கிளை உண்டு. அவர் மாற்றல் கேட்டு இங்கே வருவாரா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். மூக்கு முழி எப்படி இருந்தால் எனக்கென்ன!

"மொதல்ல மாத்தல் விசயம்," என்றார் அப்பா பஸ்ஸில். "அத்த ஒத்துக்கினாதான் கை நனைப்பேன். இல்லன்னா பச்சத்தண்ணியோட எழுந்து வந்துடலாம். நீ ஒண்ணுத்துக்கும் பயப்படாத."

எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போன இடத்தில் பேச்சு முடிகிறவரை சாப்பாட்டைத் தொட மாட்டார்கள். தண்ணீர் குடிக்கலாம், காபி குடிக்கலாம். சாப்பாட்டில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் பின்வாங்குவது மானக்கேடு. குழந்தையாக இருந்தபோதே எனக்கு இது தெரியும். அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சாதத்தை, பட்டுப்புடவையில் எண்ணெய் படுமே என்று பஸ்ஸில் நான் தொடவில்லை. புத்தி கெட்டவள்!

ஓட்டலுக்குள் பட்டப்பகலிலேயே இருட்டு. சிவப்புக் காகித விளக்குகள் தொங்கின. குளிரில் கை மயிர் சிலிர்த்தது. மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா மூன்று பேரும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். வட்ட மேசை, அதன் நடுவில் சுற்றுகிற பலகை. பதார்த்தங்களை அதில் வைத்துச் சுற்றிவிட்டால் அவரவர் முன்னால் வந்து நிற்கும். மாப்பிள்ளையின் அம்மா அதைச் சும்மா விடவே இல்லை. சூப் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிற்று. கோழி வந்து போயிற்று. நூடுல்ஸ் ஆவி பறக்க வந்து நின்றது, கிளம்பிற்று, மறுபடியும் வந்தது. எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மேசைத் துணிக்கு அடியில் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன்.

"என்ன, ஒண்ணுமே எடுத்துக்கலையே? கூச்சப்படாதீங்க," என்றார் அந்த அம்மாள்.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு மாற்றல் விஷயத்தை எடுத்தார்.

"பாண்டிச்சேரிதானே? கேக்கலாம், கேக்கலாம்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "முதல்ல சாப்பிடுங்க, ஆறிடும்."

"கேக்கலாம்னா? கேப்பீங்களா?"

"அதெல்லாம் பாத்துக்கலாங்க." அவர் சூப்பில் மிளகாய் ஊறிய காரத் தண்ணீரை ஊற்றிக் கலக்கிக்கொண்டே இந்த வருஷ மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளை தட்டைப் பார்த்தபடி இருந்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா இந்த மனுஷன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா நாற்காலியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார். எங்கள் கரும்புக்கு விலை பேசும்போது அவர் அப்படிக் கையைக் கட்டினால் ஆலைக்காரனே இறங்கி வருவான்.

அவர் எழுந்திருக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. எழுந்தால் நானும் எழ வேண்டும். ஆனால் வயிறு! விடிகாலையிலிருந்து வெறும் வயிறு, கண் இருட்டிக்கொண்டு வந்தது. நூடுல்ஸ் மறுபடியும் என் முன்னால் வந்து நின்றது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இரண்டு கரண்டி அள்ளித் தட்டில் போட்டேன். முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. கையாலேயே எடுத்து வாயில் திணித்தேன். ஐயோ, அப்படி ஒரு ருசி!

நிமிர்ந்தபோது நான்கு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முகமெல்லாம் சிரிப்பு. அப்பா கட்டிய கையைப் பிரித்தார். ஒரு கணம் என் முகத்தை உற்றுப் பார்த்தார். அப்புறம் மெதுவாகத் தன் தட்டை இழுத்து, சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க, சம்பந்தி," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

மாற்றல் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அப்பா ஏன் சாப்பிட்டார், ஏன் விட்டுக்கொடுத்தார் என்று மண்டை குடைந்தது. கோபம் கோபமாக வந்தது. திண்டிவனம் தாண்டியதும் அவராகவே சொன்னார்.

"நான் எழுந்துடலாம்னுதான் இருந்தேன். பட்டுனு நீ எடுத்துப் போட்டுக்கினு சாப்ட்ட பாரு, அப்பதான் எனக்கு வெளங்கிச்சி. புள்ளைக்குப் புடிச்சிருக்குது, அப்பறம் வேலையாவது ஒண்ணாவதுன்னு வுட்டுட்டேன்."

"பசிச்சிதுப்பா. அதான் சாப்ட்டேன்," என்றேன்.

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அப்பா சிரித்தார். "அடி போடி, வெக்கத்தப் பாரு!"

இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தை மாதம் கல்யாணம். அதற்கு முன் என் ராஜினாமாக் கடிதத்தை அப்பாவே சைக்கிளில் எடுத்துப்போய், பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்து, சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வந்தார்.